பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினை நீங்களே பிரித்து வேலை பார்ப்பது: முதன்முறை இறங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் இன்ஜினில் பெரிய வேலை வந்துவிட்டால், பட்டறை சொல்லும் தொகை சில நேரங்களில் காரின் சந்தை விலையையே தொட்டுவிடும். நாமே பிரித்துப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் எழுகிறது. பிரேக், கிளட்ச் போன்றவற்றைத் தானே மாற்றிப் பழகியவருக்கு இது எட்டாத வேலை இல்லை. ஆனால் நான் திண்டாடியதெல்லாம் எதை எந்த வரிசையில் அளப்பது, எதை எப்போது வாங்குவது, எந்தத் தாளை யாரிடம் கேட்டு வாங்குவது என்பவற்றில்தான். கார் தயாரித்த நிறுவனத்தின் பழுதுபார்க்கும் கையேடு, பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்காக எழுதப்பட்டது. இந்தக் கேள்விகளுக்கு அதில் விடை இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது நான்கு அல்லது ஆறு சிலிண்டர், நீர்க்குளிர்ச்சி, பிஸ்டன் வகை பெட்ரோல் இன்ஜின்களுக்கு மட்டுமே பொருந்தும். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்ற ரோட்டரி இன்ஜின்களும், போர்ஷே 911-இன் காற்றுக்குளிர்ச்சி இன்ஜின்களும் வேறு பாடம்.

1. பிரிக்கும் முன்பே நோயைக் கண்டறியுங்கள்

புகை வருகிறது, ஆயில் குடிக்கிறது, இழுவை இல்லை என்பதற்காக நேரே ஹெட்டை (சிலிண்டர்களின் மேலுள்ள, வால்வுகள் அமைந்த மூடிப் பகுதியை) கழற்றத் தொடங்குவதுதான் புதியவர்கள் விழும் முதல் குழி. பிரித்துவிட்ட இன்ஜின் உங்களிடம் எதையும் சொல்லாது. ஓடுகிற நிலையில், அல்லது குறைந்தது ஸ்டார்ட்டர் சுழற்றுகிற நிலையில் இருக்கும்போதே பின்வரும் சோதனைகளை முடித்து, முடிவுகளை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள்.

முதலில் கம்ப்ரஷன் சோதனை: ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பிளக் துளையில் அழுத்தமானி பொருத்தி அளப்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் நல்ல இன்ஜினும் நோயாளியாகத் தெரியும். கிடைக்கும் எண்களின் உயரத்தைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்: பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் இடையிலான அடைப்புத் தகடு). பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் சேர்ந்து விழுந்திருந்தால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் போய்விட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அடுத்தது கசிவுச் சோதனை. பிஸ்டனை மேல் முனையில், வால்வுகள் மூடிய நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியே அமுக்கக் காற்றைச் செலுத்தி எவ்வளவு சதவீதம் வெளியேறுகிறது என்று பார்ப்பது இது. எண்ணைவிடக் காது இங்கே முக்கியம்: காற்று இன்டேக் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சர் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். கம்ப்ரஷன் சோதனையை மட்டும் செய்து நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்துதான் முழுப் படம் தரும்.

ஹெட் கேஸ்கெட் என்று சந்தேகித்தால், ரேடியேட்டர் வாயில் வைத்துச் செய்யும் ரசாயனச் சோதனைக் கருவி ஒன்று உண்டு. சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் அதிலுள்ள நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறும். ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போலப் படிந்திருப்பதை மட்டும் பார்த்துக் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். குறைந்த தூரமே ஓட்டப்படும் கார்களில் ஈரம் உறைந்தும் அப்படி ஆகும்.

ஆயில் குடிக்கும் காரில் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஐடிலில் நின்று கிளம்பும்போதும், கியரில் இறக்கத்தில் இறங்கிவிட்டு மறுபடி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும் நீலப் புகை வந்தால் வால்வு சீல்கள் மேல் சந்தேகம் விழ வேண்டும். பல இன்ஜின்களில் சிலிண்டருக்குள் அமுக்கக் காற்றை நிரப்பி வால்வுகளைத் தாங்கிக்கொண்டு, ஹெட்டைக் கழற்றாமலே இந்தச் சீல்களை மாற்றிவிடலாம். இன்ஜின் முழுவதையும் இறக்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது வருத்தமான அனுபவம்.

அடியில் தட்டும் சத்தம் இருந்தால், டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல், சென்சார் துளையில் நேரடி அழுத்தமானியைப் பொருத்தி, சூடான நிலையில் ஆயில் அழுத்தத்தை அளங்கள். பிறகு பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு இருந்தால் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் காரை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். கிராங்க் ஜர்னல் (கிராங்க் தண்டில் பேரிங் தாங்கும் பகுதி) கீறல் விழாமல் தப்பித்தால் செலவு பாதியில் நிற்கும்.

2. உங்கள் மாடலுக்கே உரிய பலவீனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதற்கென்றே ஒரு நோய் உண்டு. அது உங்கள் வேலையின் அளவையே மாற்றிவிடும். சில எடுத்துக்காட்டுகள்:

போர்ஷே 944-இல், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் 1.6 லிட்டர் இன்ஜினில் அப்படி மோதாது. ஆகவே பெல்ட் அறுந்த இரண்டு கார்களுக்கும் ஒரே மதிப்பீடு போட முடியாது. அதே எம்எக்ஸ்-5-இல், 1989-இல் தொடங்கி முதல் சில ஆண்டுகளில் வந்தவற்றின் கிராங்க் முனை குட்டையானது. கிராங்க் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டால் அங்கே சாவிக்கட்டை அமரும் பள்ளம் தேய்ந்து, டைமிங்கே நகர்ந்துவிடும். ட்ரையம்ஃப் டிஆர்6-இல் கிராங்கின் முன்பின் அசைவைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்து கழன்று விழக்கூடியவை. கிளட்சை ஒருவர் மிதிக்க, முன்புறக் கப்பி நகர்கிறதா என்று இன்னொருவர் பார்த்தால் போதும், நிலைமை தெரிந்துவிடும்.

மிக முக்கியமான கேள்வி, சிலிண்டர் சுவர் எதனால் ஆனது என்பது. வார்ப்பிரும்பு பிளாக் என்றால் எந்த லேத் பட்டறையும் போரிங் செய்யும், அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கும். 944-இன் பிளாக் அலுசில் என்னும் சிலிக்கான் கலந்த அலுமினியக் கலவை. வேறு சில இன்ஜின்களின் சிலிண்டர்களுக்கு நிகாசில் என்னும் கடினப் பூச்சு. இவற்றில் சாதாரண ஹோனிங் கல்லை (சுவரை உரசித் தேய்க்கும் கல்லை) ஓடவிட்டால் பிளாக் பாழாகிவிடும். அல்ஃபா ரோமியோவின் பழைய ட்வின் கேம் இன்ஜினிலும், ட்ரையம்ஃப் டிஆர்2 முதல் டிஆர்4 வரையிலான கார்களிலும் தனி லைனர்கள் (கழற்றக்கூடிய சிலிண்டர் குழாய்கள்) உண்டு. இவற்றில் ஹெட்டைக் கழற்றியவுடன் லைனர்களைப் பிடிப்பானால் அழுத்திக் கட்டாமல் கிராங்கைச் சுழற்றினால், லைனர் மேலெழும்பி அடியிலுள்ள சீல் விட்டுப்போகும். வெறும் ஹெட் வேலை முழு இன்ஜின் வேலையாக மாறும்.

3. எங்கே நிறுத்துவது என்று முன்பே எழுதி வையுங்கள்

செலவை மூன்று பத்திகளாக எழுதுங்கள். முதல் பத்தியில் எப்படியும் வாங்கியே ஆக வேண்டியவை: கேஸ்கெட் செட், ஹெட் போல்ட்டுகள், டைமிங் பெல்ட் அல்லது செயினும் அதன் டென்ஷனரும், வாட்டர் பம்ப், ஆயில், ஃபில்டர், கூலண்ட், ஹோஸ்கள். இரண்டாவதில் அளந்த பிறகே தெரியக்கூடியவை: பிஸ்டன், ரிங், பேரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு, வால்வு கைடு. மூன்றாவதில் யாரும் கணக்கில் சேர்க்காதவை: முறிந்த ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்டை) எடுக்கும் செலவு, வாடகைக் கருவிகள், சுத்தம் செய்யும் திரவங்கள், பாகங்களை அனுப்பும் செலவு, கார் இல்லாத காலத்தின் போக்குவரத்து. முதல் இரண்டு பத்திகளின் கூட்டுத் தொகையில் பாதியையாவது மூன்றாவதற்கென்று ஒதுக்காமல் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அதைக் கேட்டு யாராவது சிரித்தால், அவர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் துருப்பிடித்த நட்டைத் தொட்டிருக்க மாட்டார்.

இப்படி எழுதிய பிறகு, வேறொரு பழைய இன்ஜினை வாங்கி மாற்றுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்று இன்ஜின் விரைவானது. ஆனால் அதன் உள்நிலை உங்களுக்குத் தெரியாது. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட அதே எண்ணுள்ள இன்ஜின் இருப்பதுதான் பல பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலைக்குக் காரணம். அப்படிப்பட்ட காராக இருந்தால் மூல பிளாக்கை எக்காரணம் கொண்டும் கழித்துக் கட்ட வேண்டாம்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே செய்தாக வேண்டியவையும் சில உண்டு: கிளட்ச், கிராங்கின் பின்புற ஆயில் சீல், இன்ஜின் மவுண்ட், பிளாக்கின் பக்கவாட்டுத் தகட்டு மூடிகள். இவற்றின் விலை குறைவு, பிறகு அங்கே எட்டும் உழைப்பு அதிகம். வேகத்தைக் கூட்டும் கேம்ஷாஃப்ட், பளபளப்பு வேலை, இன்ஜின் அறைக்கு வர்ணம் ஆகியவை இந்தப் பட்டியலில் சேரா. பாதியில் நின்றுபோன கார்களில் பெரும்பாலானவற்றை இப்படிப்பட்ட கூடுதல் ஆசைதான் நிறுத்தியிருக்கிறது.

4. தாள்களைத் திரட்டுங்கள்

தொழிற்சாலைக் கையேடு, உங்கள் காரின் ஆண்டுக்கும் இன்ஜின் குறியீட்டுக்கும் உரியதாகவே இருக்க வேண்டும். ஒரே மாடலில் இடையில் ஹெட் போல்ட்டின் வகை மாறியிருந்தால் முடுக்கும் அளவும் மாறியிருக்கும். பாகங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் படங்களுடன் கூடிய பாகப் பட்டியல் ஒன்றும் தேவை. பூட்டும்போது எந்த வாஷர் எங்கே என்ற கேள்விக்குக் கையேட்டைவிட அதுவே விரைவாக விடை தரும்.

இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பிரிக்கும் முன்பே பாருங்கள்; எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். பிளாக்கை மாற்ற நேர்ந்தால் பல நாடுகளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் புத்தகத்தில் திருத்தம் பெற வேண்டும். அதற்கு வாங்கிய இன்ஜினின் ரசீதும் விற்றவரின் உரிமைச் சான்றும் கேட்பார்கள். ரசீது இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கார் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகிறது என்றால், காப்பீடும் சாலை வரியும் அந்தக் காலத்தில் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் கேட்டறியுங்கள். ஓடாத காருக்கும் தீ, திருட்டுக் காப்பீடு தேவைப்படும்.

5. இடமும் பாதுகாப்பும்

சமமான கான்கிரீட் தரை, பூட்டக்கூடிய கதவு, நல்ல வெளிச்சம், காற்றோட்டம் ஆகியவை வேண்டும். ஜாக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டுகள். தூக்கியில் தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக்கூடாது. எரிபொருள் ஊசி வகைக் காரில் குழாயைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைத் துண்டித்துவிடுங்கள்.

மூன்று நச்சுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய், பூனை, குழந்தைகள் வாய்வைக்கும் ஆபத்து உண்டு. மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து முறையாக ஒப்படையுங்கள். மிகப் பழைய கேஸ்கெட்டுகளிலும் கிளட்ச் தகடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டவோ காற்றால் ஊதவோ கூடாது, நனைத்தே எடுக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங்கோ தீயோ பட்டால் பாஸ்ஜீன் என்னும் கொடிய வாயு உருவாகும். குளோரின் இல்லாத வகையையே வாங்குங்கள்.

கருவிகளில் எதைக் கடன் வாங்கினாலும், டார்க் ரெஞ்சை (போல்ட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு முடுக்கும் கருவியை) சொந்தமாக, அளவு சரிபார்க்கப்பட்டதாக வாங்குங்கள். அதைக் கழற்றுவதற்குப் பயன்படுத்த வேண்டாம். இன்ஜின் தூக்கி, ஸ்டாண்டு, வால்வு ஸ்பிரிங் அமுக்கி போன்றவற்றை வாடகைக்கு எடுக்கலாம்.

6. பிரித்தல்

வேலை தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பிருந்தே எக்ஸாஸ்ட் நட்டுகளுக்கு ஊடுருவும் எண்ணெயை விட்டுவாருங்கள். திருகும்போது நட் பஞ்சு போல இளகினால் நிறுத்துங்கள், ஸ்டட் முறுகிக்கொண்டிருக்கிறது. சூடாக்கி, ஆறவிட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துத்தான் எடுக்க வேண்டும். ஊடுருவும் எண்ணெய் தீப்பிடிக்கும் என்பதால், அதை நன்றாகத் துடைத்துவிட்டு, அருகில் பெட்ரோல் ஆவி இல்லை என்று உறுதி செய்த பிறகே சூடாக்குங்கள்.

ஒவ்வொரு தொகுதியின் போல்ட்டுகளும் தனிப் பையில், பெயரெழுதிய சீட்டுடன் போக வேண்டும். நீளம் வேறுபடும் போல்ட்டுகள் உள்ள மூடிகளுக்கு அட்டையில் அதே வடிவம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். படம் எடுக்கும்போது கழற்றும் பாகத்தை மட்டும் எடுக்காமல், சற்று விலகி நின்று, ஹோஸும் ஒயரும் எதன் மேலே, எதன் கீழே போகின்றன என்று தெரியும்படி எடுங்கள். பூட்டும் காலத்தில் தேடுவது அந்தப் படங்களைத்தான்.

ஹெட்டை இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட் வளையும். போல்ட்டுகளை வெளியோரங்களிலிருந்து உள்நோக்கி, ஒவ்வொன்றையும் பல சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹெட் வராவிட்டால் கேஸ்கெட் தளத்துக்குள் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள்; நெம்புவதற்கென்றே வார்ப்பில் விடப்பட்ட மேடு எங்காவது இருக்கும்.

கேஸ்கெட் எச்சத்தை எடுக்க, டிரில்லில் மாட்டும் உராய்வுத் தட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் ஆயிலில் கலந்து, புதிய பேரிங்கை மிகக் குறைந்த தூரத்திலேயே தின்றுவிடும். அந்தத் தட்டு அலுமினியத் தளத்தில் பள்ளமும் தோண்டும். கேஸ்கெட் கரைப்பானும் பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும்.

அடிப்பகுதியையும் பிரிப்பதாக இருந்தால், மெயின் பேரிங் மூடிகளும் கனெக்டிங் ராட் மூடிகளும் தத்தம் இடத்தில் வைத்தே கடையப்பட்டவை என்பதை மறக்கக்கூடாது. இடமோ திசையோ மாறினால் கிராங்க் இறுகும். எண் பொறிக்கப்படாதவற்றுக்குக் கழற்றும் முன்பே அடையாளம் இடுங்கள். ராட் போல்ட்டுகளின் முனையில் ரப்பர் குழாய்த் துண்டுகளை மாட்டிவிட்டுப் பிஸ்டனைத் தள்ளினால் கிராங்க் ஜர்னலில் கீறல் விழாது.

7. லேத் பட்டறைக்குப் போகும் முன்பும் போன பின்பும்

உங்கள் கால அட்டவணையை இந்தக் கட்டம்தான் தீர்மானிக்கிறது. பிரிப்பதற்குச் சில வாரஇறுதிகள் போதும்; பூட்டுவதற்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். ஆனால் நல்ல லேத் பட்டறையில் உங்கள் முறை வருவதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். எனவே பிரிக்கத் தொடங்கும் முன்பே பட்டறையோடு பேசி, எந்த வாரத்தில் கொண்டுவரலாம் என்று கேட்டு, அதற்கேற்பப் பிரிக்கும் நாளை வையுங்கள். உங்கள் இன்ஜின் வகையை இதற்கு முன் செய்திருக்கிறார்களா, அழுத்தச் சோதனை செய்யும் வசதி உண்டா, அளவுகளை எழுத்தில் தருவார்களா என்ற மூன்று கேள்விகளையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மூன்றாவதற்குத் தயங்கும் பட்டறை எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் நான் போகமாட்டேன்.

கொடுக்கும் முன் நீங்களே ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். ஹெட்டின் தளத்தில் நேர்ச்சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். பல இன்ஜின்களுக்கு 0.05 மி.மீ. முதல் 0.1 மி.மீ. வரைதான் எல்லை, உங்கள் கையேட்டின் எண்ணே இறுதியானது. சிலிண்டர் துளையை மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு சரிவையும், திசைகளுக்கு இடையிலான வேறுபாடு வட்டம் கெட்டதையும் காட்டும். கிராங்க் ஜர்னல்களை மைக்ரோமீட்டரால் அதே போல் அளங்கள். நகம் ஓட்டினால் தட்டுப்படும் கீறல் இருந்தால் கிரைண்டிங் உறுதி.

பட்டறைக்கு வாய்மொழியாகச் சொல்லாமல், செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். ஹெட்டுக்கு முதலில் விரிசல், அழுத்தச் சோதனை. அதில் தேறினால் மட்டுமே தளம் சீவுவதும் வால்வு வேலையும். இந்த வரிசை தலைகீழானால் விரிசல் விழுந்த ஹெட்டுக்கு வால்வு வேலைக் கூலி கொடுத்திருப்பீர்கள். தளத்தை எவ்வளவு சீவினார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். அளவுக்கு மீறிச் சீவினால் கம்ப்ரஷன் ஏறும், கேம்ஷாஃப்ட் ஹெட்டிலேயே உள்ள இன்ஜின்களில் கேம் டைமிங்கும் சற்றுப் பின்தங்கும். பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட் போடப்போகிறீர்கள் என்றால் தளம் மிக வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதையும் தாளில் குறிப்பிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட பழைய வார்ப்பிரும்பு ஹெட்டானால், எக்ஸாஸ்ட் பக்கத்துக்குக் கடின வால்வு சீட்டுகள் பதிக்க இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

சிலிண்டரைப் போரிங் செய்யும்போது புதிய பிஸ்டன்கள் பட்டறையின் கையில் இருக்க வேண்டும். பெட்டியில் எழுதிய அளவை நம்பாமல், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டே துளையைக் கடைய வேண்டும். ஆனால் எந்த மிகை அளவுப் பிஸ்டன் வாங்குவது என்பது, எவ்வளவு கடைந்தால் தேய்மானம் மறையும் என்று பட்டறை சொன்ன பிறகுதான் தெரியும். ஆகவே வரிசை இதுதான்: அளவு, பட்டறையின் முடிவு, பிஸ்டன் வாங்குதல், போரிங். பேரிங்குக்கும் இதே விதி. கிராங்க் 0.25 மி.மீ. கிரைண்ட் செய்யப்படுமா, 0.50 மி.மீ. செய்யப்படுமா என்று தெரியும் முன்பே தள்ளுபடியில் கிடைக்கிறது என்று பேரிங் வாங்கி வைப்பது வீண்செலவு. முன்கூட்டியே வாங்கக்கூடியவை கேஸ்கெட், சீல், பெல்ட், பம்ப் போன்ற அளவு மாறாதவை மட்டுமே.

8. பூட்டுதல்

லேத்திலிருந்து சுத்தமாக வந்ததாகத் தோன்றும் பிளாக்கைச் சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு நீங்கள் மறுபடி கழுவ வேண்டும். ஹோனிங் தூள் பெட்ரோலுக்கோ டீசலுக்கோ முழுவதும் போகாது. வெந்நீரும் சோப்பும்தான் அதை எடுக்கும். வெள்ளைத் துணியால் சிலிண்டர் சுவரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கும்வரை கழுவி, உடனே உலர்த்தி, ஆயில் பூசுங்கள். ஆயில் துவாரங்கள் ஒவ்வொன்றிலும் நீண்ட தூரிகையை விட்டு எடுங்கள்.

ஒவ்வொரு ரிங்கையும் அது ஓடப்போகும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராக்கி, முனை இடைவெளியை அளங்கள். சாதாரணச் சாலை இன்ஜினுக்கு, துளையின் விட்டம் 25 மி.மீ.க்கு ஏறத்தாழ 0.1 மி.மீ. என்பது பழைய கைக்கணக்கு. உங்கள் ரிங் தயாரிப்பாளரின் எண்ணே செல்லும். இடைவெளி கூடியதைவிடக் குறைந்தது ஆபத்து, ஏனெனில் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டால் ரிங் உடையும்.

பேரிங் இடைவெளியை அளக்கும் மெழுகு நூல் மலிவானது, அதை விட்டுவிடாதீர்கள். ஜர்னலும் பேரிங்கும் ஆயில் இல்லாமல் உலர்ந்திருக்க, நூலை வைத்து, மூடியை முழு அளவுக்கு முடுக்கி, கிராங்கைச் சற்றும் சுழற்றாமல், மறுபடி கழற்றி, நசுங்கிய நூலின் அகலத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு மூடியையும் இறுதியாக முடுக்கிய பின் கிராங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எந்த மூடிக்குப் பிறகு இறுகுகிறதோ அங்கேதான் கோளாறு.

ஹெட் போல்ட் துளைகளுக்குள் ஆயிலோ நீரோ தேங்கியிருக்கக்கூடாது. அடி மூடிய துளையில் திரவம் இருக்கும்போது போல்ட்டை முடுக்கினால் பிளாக்கே வெடிக்கும். முடுக்கு அளவுக்குப் பிறகு குறிப்பிட்ட கோணம் திருப்பும் வகைப் போல்ட்டுகள் நீண்டுகொடுப்பவை. மறுபயன்பாட்டைக் கையேடு தெளிவாக அனுமதித்தால் ஒழியப் புதியவற்றையே போடுங்கள். இழைகளுக்கு ஆயில் இட வேண்டுமா, உலர்வாகவா என்பதையும் கையேட்டின்படியே செய்யுங்கள். அதே முடுக்கு அளவில், ஆயில் இட்ட போல்ட் உலர்ந்ததைவிட மிக அதிகமாக இறுகும்.

டைமிங் குறிகளைப் பொருத்தி டென்ஷனரை இறுக்கிய பிறகு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றி, குறிகள் மீண்டும் அதே இடத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். இடையில் எதுவாவது தடுத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். அது வால்வாக இருக்கலாம். 944-இல் பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளுக்கெனத் தனி பெல்ட்டும் தனிக் குறிகளும் உண்டு. அதைத் தவறாகப் பூட்டினாலும் இன்ஜின் ஓடும், ஆனால் நடுங்கும்.

கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது, இரண்டும் கையாலேயே முழுவதும் ஒட்டி அமர வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டால் இழுத்துச் சேர்க்க முயன்றால் கிளட்ச் தகடு வளையும் அல்லது உறை உடையும். அமராவிட்டால் பெரும்பாலும் கிளட்ச் மையத்தில் இல்லை என்று பொருள்.

9. முதல் ஸ்டார்ட்

ஆயில் பம்ப்பைப் பூட்டும்போதே அதன் பற்சக்கரங்களுக்கு இடையே பெட்ரோலியம் ஜெல்லியை நிரப்பினால், அது வறண்டு சுழலாமல் உடனே ஆயிலை இழுக்கும். ஸ்பார்க் பிளக்குகள் இல்லாமல், இக்னிஷனும் எரிபொருளும் துண்டிக்கப்பட்ட நிலையில், அழுத்தமானி அசையும்வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுழற்றுங்கள். அழுத்தம் வராமல் பிளக்கைப் போடக்கூடாது. பழைய ரப்பர் எரிபொருள் குழாய்கள் எத்தனால் கலந்த பெட்ரோலில் இளகி வெடிக்கும் என்பதால், அவற்றை இதற்குள் மாற்றியிருக்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், இன்னொருவர் உடனிருக்கட்டும்.

எம்ஜிபி போன்ற, கேம்ஷாஃப்ட் மேல் தட்டையான டாப்பெட் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) உரசி ஓடும் இன்ஜினில் புதிய கேமும் புதிய டாப்பெட்டுகளும் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விடாமல், நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 சுற்றுகளில் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். ஐடிலில் கேமின் முனைகளுக்கு ஆயில் போதுமான அளவு தெறிக்காது. இதற்காகவே நீரையும் எரிபொருளையும் இக்னிஷன் நேரத்தையும் முன்கூட்டியே சரிபார்த்து, முதல் சுழற்சியிலேயே பிடிக்கும்படி வைத்திருக்க வேண்டும். துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம் கூடுதலாக உள்ள ஆயிலையே இவ்வகை இன்ஜினுக்கு ஊற்றுங்கள். இக்காலக் கார்களுக்கான ஆயில்களில் அது குறைக்கப்பட்டிருக்கிறது.

கூலண்டில் காற்று அடைத்துக்கொள்வது இந்தக் கட்டத்தின் பெரிய கண்ணி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழி நிற்கும்வரை நிரப்புங்கள். வெப்பமானி நகராமல் நிற்பதும் நல்ல அறிகுறி அன்று. சென்சாரைச் சுற்றி நீர் இல்லாமல் காற்று நிற்கிறது என்றும் அதற்குப் பொருள் உண்டு.

10. முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ரிங்குகள் சிலிண்டர் சுவரில் படிய அழுத்தம் தேவை. மணிக்கணக்கில் ஐடிலில் விட்டுப் பழக்குவது அதைக் கெடுக்கும். நடுத்தர வேகத்தில் ஏற்றியும், கியரிலேயே இறங்கவிட்டும், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாமலும் ஓட்டுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். சிறிது பொடி இயல்பு. செதில்கள் தெரிந்தால் நிறுத்துங்கள். சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி மாற்றுங்கள். பழைய வகைக் கலவைக் கேஸ்கெட்டானால், கையேடு சொல்லும் தூரத்தில், சொல்லும் வெப்பநிலையில் ஹெட்டை மறுபடி முடுக்க வேண்டும். அதன் பிறகே வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். கோணத்தில் முடுக்கிய போல்ட்டுகளை மறுபடி தொடக்கூடாது.

ஆயிரம் கிலோமீட்டரில் கம்ப்ரஷனை மறுபடி அளந்து, முதல் நாள் எழுதிய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். லேத் பட்டறையின் அளவுத் தாள், பிஸ்டன் பேரிங் பெட்டிகளின் அளவுச் சீட்டுகள், ரசீதுகள், நீங்கள் எடுத்த படங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து, அதன் நகலைக் காரில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். நீங்களே செய்த வேலை என்று சொன்னால் வாங்க வருகிறவர் விலையைக் குறைத்துத்தான் பேசுவார். எதிர்த்துப் பேச உங்களிடம் இருக்கப்போவது அந்தக் கோப்பு மட்டுமே.